கதையை விடுங்கள், கரையைப் பாருங்கள்: பழைய கவிதைப் படங்களுக்குள் நுழைய ஒரு வழி

சினிமா பேசத் தொடங்கிய காலத்துக்குக் கொஞ்சம் முன்னும் பின்னும், 1918இலிருந்து 1930களின் கடைசி வரைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள், உலகத்தின் பல மூலைகளில் ஒரு வகைப் படங்கள் வந்தன. கதை என்ன என்று கேட்டால் இரண்டு வரிதான். சரக்குப் படகு ஓட்டுகிற ஒருவன் கிராமத்துப் பெண்ணைக் கல்யாணம் செய்து படகிலேயே குடித்தனம் வைக்கிறான். சண்டை வருகிறது, பிரிகிறார்கள், சேர்கிறார்கள். இதற்கு ஒன்றரை மணி நேரமா என்று கேட்கத் தோன்றும். ஆனால் அந்த ஒன்றரை மணி நேரமும் ஆறு ஓடிக்கொண்டே இருக்கிறது, மூடுபனி இறங்குகிறது, படுக்கையில் பூனை குட்டி போடுகிறது, அலமாரிக்குள் மாதக்கணக்கில் துவைக்காத துணி குவிந்து கிடக்கிறது, இத்தனைக்கும் நடுவில்தான் அந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் தெரிந்துகொள்கிறார்கள். நான் சொல்வது ழான் விகோவின் ‘லத்தலாந்த்’, 1934இல் வந்த பிரெஞ்சுப் படம். இந்த வகைக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது, ஆனால் முதலில் இதைப் பார்க்காதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இங்கே சிங்கப்பூரில் பழைய படம் பார்க்க ஆசைப்படுகிற நண்பர்கள் பலர் சொல்வது ஒன்றுதான்: பெரிய படம் என்று எல்லாரும் எழுதுகிறார்கள், போட்டால் இருபது நிமிடத்துக்கு மேல் போக முடியவில்லை, கை தானாகக் கைப்பேசிக்குப் போகிறது. இதில் அவர்கள் தப்பு எதுவும் இல்லை. ‘அடுத்து என்ன நடக்கும்’ என்ற கேள்வியோடு உட்கார்ந்தால் இந்தப் படங்கள் பதிலே சொல்லாது. ‘இது எந்த இடம், என்ன பொழுது, இங்கே ஆட்கள் எப்படிப் பிழைக்கிறார்கள், அந்த இடம் இவர்கள் மனசை என்ன செய்கிறது’ என்று கேட்டால் முதல் காட்சியிலிருந்தே பதில் வர ஆரம்பித்துவிடும்.

இந்தக் கேள்விகளை நாம் எங்கேயும் போய்க் கடன் வாங்க வேண்டியதில்லை. பள்ளியில் தமிழ் இலக்கியம் எடுத்தவர்களுக்குத் தெரியும், தொல்காப்பியம் அகப்பாட்டை மூன்றாகப் பிரிக்கிறது: நிலமும் பொழுதும் முதற்பொருள், அந்த நிலத்தின் மரம், பறவை, விலங்கு, உணவு, தொழில் எல்லாம் கருப்பொருள், காதலில் அவர்கள் இருக்கிற நிலை உரிப்பொருள். ‘முதல் கரு உரிப்பொருள் என்ற மூன்றே’ என்று சூத்திரம். இந்தப் படங்களை எடுத்த இயக்குநர்கள் முர்னாவும் விகோவும் ரெனுவாரும் இதைப் படித்திருக்க வழியே இல்லை. ஆனாலும் அவர்கள் படங்களைத் திறக்க இந்த மூன்றும் அவ்வளவு அழகாகப் பொருந்துகின்றன. மேற்கத்திய விமர்சகர்கள் பக்கம் பக்கமாக விளக்குகிற ஒரு விஷயம், குறுந்தொகை நாலு பாட்டு படித்த ஒரு தமிழ் வாசகருக்கு உடனே பிடிபட்டுவிடும் என்பதுதான் என் எண்ணம். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க அந்த மூன்றை வைத்தே போகும்.

எதிலிருந்து தொடங்குவது

‘பீப்பிள் ஆன் சண்டே’யிலிருந்து தொடங்குங்கள். 1929 கோடையில் பெர்லினில் எடுத்து 1930 பிப்ரவரியில் வெளிவந்த மௌனப் படம், ஒன்றேகால் மணி நேரத்துக்கும் குறைவு. நடித்தவர்கள் யாரும் நடிகர்கள் இல்லை: டாக்சி ஓட்டுநர், இசைத்தட்டுக் கடையில் வேலை பார்க்கும் பெண், ஒயின் விற்கிறவர் என்று தங்கள் சொந்தத் தொழிலிலேயே படத்துக்குள் வருகிறார்கள், படம் முடிந்ததும் அவரவர் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள் என்று படத்தின் தொடக்கமே சொல்லிவிடுகிறது. எடுத்தவர்களும் அப்போது பெயர் இல்லாத இளைஞர்கள்தான். ராபர்ட் சியோட்மாக், எட்கர் உல்மர், எழுத்தில் பில்லி வைல்டர், கேமராவுக்கு உதவியாக ஃபிரெட் ஜின்னமன். பிற்பாடு இவர்கள் எல்லாருமே ஹாலிவுட்டுக்குப் போனார்கள்.

சிங்கப்பூரில் இருக்கிற நமக்கு இந்தப் படம் இன்னும் ஒரு காரணத்துக்காக நெருக்கம். வாரம் முழுக்க வேலை, ஞாயிறு ஒரு நாள்தான் தன்னுடையது, அந்த ஒரு நாளில் குளியல், நட்பு, காதல், சண்டை, தூக்கம் எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும். ஞாயிறு சாயங்காலம் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் கூடும் தேக்கா பக்கம் போய் நின்றவர்களுக்கும், விடுப்பு நாளில் பூங்காப் புல்தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பணிப்பெண்களைப் பார்த்தவர்களுக்கும் இந்தப் படத்தை யாரும் விளக்க வேண்டாம். படத்தில் ஒரு தம்பதி சனிக்கிழமை இரவு சண்டை போடுகிறார்கள், தொப்பியின் விளிம்பு மேலே இருக்க வேண்டுமா கீழே இருக்க வேண்டுமா என்பதற்காக. கோபத்தில் சுவரில் ஒட்டியிருக்கும் சினிமா நட்சத்திரங்களின் படங்களைக் கிழிக்கிறார்கள். மறுநாள் அவன் நண்பர்களோடு ஏரிக்குப் போய்விடுகிறான், அவள் நாள் முழுக்கத் தூங்குகிறாள். ஏரிக்கரையில் இருக்கும்போது படம் நடுநடுவே இந்தத் தூங்குகிற பெண்ணிடம் வந்து போகும். வெயிலும் தண்ணீரும் ஒரு பக்கம், மூடிய அறை ஒரு பக்கம். வேறு விளக்கம் எதுவும் படம் தருவதில்லை, தேவையும் இல்லை.

இரண்டாவதாக ழான் ரெனுவாரின் ‘எ டே இன் தி கன்ட்ரி’. நாற்பதே நிமிடம். மூன்றாவது முர்னாவின் ‘சன்ரைஸ்’, 1927. நான்காவது ஹிரோஷி ஷிமிசுவின் ‘மிஸ்டர் தேங்க் யூ’, 1936, ஜப்பான். ‘லத்தலாந்த்’ கடைசி. மற்ற நான்கும் கண்ணைப் பழக்கிவிட்ட பிறகு ‘லத்தலாந்த்’ பார்த்தால் ஒவ்வொரு சட்டகமும் பேசும். முதலிலேயே பார்த்தால் ‘சரி, நல்லாத்தான் இருக்கு’ என்று கடந்துவிடுவோம், அது அந்தப் படத்துக்குச் செய்கிற அநியாயம்.

அறையைத் தயார் செய்வது

இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும், ஆனால் பாதிப் பேர் படத்தை விட்டு எழுந்து போவது இதனால்தான். முதலில் தொலைக்காட்சியின் அமைப்புகளுக்குள் போய், அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு நிறுவனமும் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கும், பெரும்பாலும் ‘மோஷன்’ என்ற சொல் அதில் இருக்கும். அது போட்டிருந்தால் தண்ணீரும் புகையும் பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடும், இந்தப் படங்களில் தண்ணீரும் புகையும் போனால் மிச்சம் ஒன்றும் இல்லை. அப்புறம், இவை ஏறத்தாழ சதுரத்துக்கு நெருக்கமான சட்டகத்தில் எடுத்த படங்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரத்தான் செய்யும். திரையை நிரப்புகிறேன் என்று இழுத்தால் ஆட்கள் குட்டையாகிவிடுவார்கள், பெரிதாக்கினால் வானமும் தரையும் வெட்டுப்படும். வானம் வெட்டுப்பட்டால் முதற்பொருளே போச்சு.

மௌனப் படங்களில் ஆட்கள் குடுகுடுவென்று ஓடுகிற மாதிரித் தெரிந்தால் அது படத்தின் தவறு இல்லை. நொடிக்கு 24க்கும் குறைவான சட்டகங்களில் எடுத்ததை 24இல் ஓட்டினால் அப்படித்தான் ஆகும். வேறு பதிப்பைத் தேடுங்கள். ‘சன்ரைஸ்’ படத்துக்கு அமெரிக்காவில் 2023 ஜனவரியோடு பதிப்புரிமை முடிந்து எல்லாருக்கும் பொதுவாகிவிட்டதால் இணையத்தில் எங்கு பார்த்தாலும் கிடைக்கிறது, நல்ல பிரதியும் கிடைக்கும், முகமே தெரியாத பிரதியும் கிடைக்கும். முதல் இரண்டு நிமிடத்தில் இலைகள் தனித்தனியாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள், தெரியாவிட்டால் மூடிவிட்டு வேறொன்றைத் திறங்கள். ‘லத்தலாந்த்’துக்குப் பதிப்பு இன்னும் முக்கியம். விநியோக நிறுவனம் 1934இல் அதை வெட்டிக் குறைத்து, அப்போது பிரபலமாக இருந்த ஒரு பாட்டைச் செருகி, பாட்டின் பெயரையே படத்துக்கும் வைத்து வெளியிட்டது. அந்த அக்டோபரிலேயே விகோ காசநோயால் இறந்தார், வயது 29. பல பிரதிகளிலிருந்து சேர்த்து மீட்டெடுத்த பதிப்பு 1990இல் வந்தது. அதுவோ அதற்குப் பிந்தியதோதான் வேண்டும்.

நேரம்? நம் ஊரில் ஏழேகால் வாக்கில் சூரியன் மறைந்துவிடும், ஏழே முக்காலுக்கு நன்றாக இருட்டிவிடும். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு ஹாலில் நடைபாதை விளக்கு சன்னல் வழியாக நேராகத் திரையில் விழும், அந்தத் திரைச்சீலையை மட்டும் இழுத்துவிட்டால் போதும். கைப்பேசியை வேறு அறையில் வையுங்கள். இடைவேளை விடாதீர்கள், எந்தப் படமும் இரண்டு மணி நேரம் இல்லை.

மூன்று கேள்விகள்

ஒரு தாளை மூன்றாக மடித்துக்கொள்ளுங்கள். ஒரு பத்தியில் நிலமும் பொழுதும், ஒன்றில் கருப்பொருள், ஒன்றில் காதலின் நிலை. படம் ஓடும்போது எழுத வேண்டாம், கண் திரையை விட்டுப் போய்விடும். முடிந்த உடனே, விளக்கைப் போட்டதும், நினைவில் நின்றதை எழுதுங்கள். முதல் பத்தி எப்போதும் வேகமாக நிரம்பும். இரண்டாவதில்தான் சுவாரசியம் இருக்கிறது. எந்தப் பொருள் திரும்பத் திரும்ப வந்தது? அதை யார் தொட்டார்கள்? முதலில் வந்தபோது அதற்கு இருந்த பொருளும் கடைசியில் வந்தபோது இருந்த பொருளும் ஒன்றுதானா?

‘சன்ரைஸ்’ஸை வைத்துக் காட்டுகிறேன். கதை தெரிந்தாலும் இந்தப் படம் கெடாது. ஏரிக்கரைக் கிராமம். குடியானவன் ஒருவன் நகரத்திலிருந்து வந்த ஒருத்தியிடம் மயங்கிக் கிடக்கிறான். மனைவியை ஏரியில் தள்ளிக் கொன்றுவிட்டு வா என்கிறாள் அவள். படகு கவிழ்ந்த மாதிரி ஆகட்டும், நீ மட்டும் கோரைக் கட்டைப் பிடித்து மிதந்து வந்துவிடு. கோரையை அறுத்துக் கட்டியாகிறது, அவன் கொண்டுவந்து ஒளித்து வைக்கிறான், அந்தக் கட்டை நாம் பார்க்கும்போதெல்லாம் அது கொலைக் கருவி. படகில் அவனால் தள்ள முடியவில்லை. நாள் நகர்கிறது, இருவரும் நகரத்துக்குப் போய் மனம் மாறித் திரும்பும் இரவில் உண்மையாகவே புயல் வருகிறது, அப்போது அதே கோரைக் கட்டை எடுத்து அவன் மனைவியின் உடம்பில் கட்டுகிறான். கரையில் முளைக்கிற ஒரு சாதாரணப் புல், ஒரு சொல் வசனம் இல்லாமல், கொலையிலிருந்து காப்புக்குத் திரும்பிவிட்டது. சங்கப் பாட்டில் இறைச்சி என்று உரைகாரர்கள் சொல்கிறார்களே, நிலத்தின் ஒரு பொருள் சொல்லாத பொருளையும் சுமந்து நிற்பது, அதை ஒரு கேமரா செய்தால் இப்படித்தான் இருக்கும்.

அதே படத்தில் டிராம் காட்சியையும் விடாதீர்கள். கணவன் தன்னைக் கொல்ல வந்தான் என்று தெரிந்த மனைவி, படகு கரை சேர்ந்ததும் இறங்கி ஓடுகிறாள், காட்டு வழியாக வந்த டிராமில் ஏறுகிறாள், அவனும் தொற்றி ஏறுகிறான். அவள் ஒரு மூலையில் ஒடுங்கி நிற்கிறாள். அவன் பக்கத்தில் நிற்கிறான், தொடத் துணிவில்லை. இருவரும் அசையவில்லை, ஆனால் அவர்களுக்குப் பின்னால் சன்னல்களில் ஏரி போகிறது, மரங்கள் போகின்றன, தொழிற்கூடங்கள் வருகின்றன, நகரம் வருகிறது. இதற்காகவே தண்டவாளம் போட்டு எடுத்தார்கள். அந்தக் காட்சியில் முகங்களைப் பார்க்காமல் சன்னலை மட்டும் ஒரு முறை பாருங்கள். பிறகு திரும்ப ஓட்டி முகங்களைப் பாருங்கள். உள்ளே உறைந்து கிடக்கிறது, வெளியே எல்லாம் நகர்கிறது. ஊர் மாறினால்தான் இவர்கள் மாறுவார்கள் என்பதை டிராம் நமக்குச் சொல்லிக்கொண்டே போகிறது. பிற்பாடு சமாதானமாகித் தேவாலயத்திலிருந்து வெளியே வரும்போது, கைகோத்து நடக்கிற அவர்களைச் சுற்றி நகரத் தெரு கரைந்து பூத்த வெளியாகிவிடும். வண்டிகள் ஒலி எழுப்பிய பிறகுதான் நடுரோட்டில் நின்று முத்தமிட்டுக்கொண்டிருப்பது தெரியும். முதல் ஆஸ்கார் விழாவில் ஒளிப்பதிவுக்கும், மனைவியாக நடித்த ஜேனட் கேனருக்கும் விருது கிடைத்தது இந்தப் படம் வழியாகத்தான், கேனரைப் பொறுத்தவரை வேறு இரண்டு படங்களும் சேர்ந்து.

மூன்றாவது கேள்விக்கு, காதலின் நிலைக்கு, ரெனுவார் படம் நல்ல பாடம். பாரிஸ் கடைக்காரர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஆற்றங்கரைக்கு வருகிறார். மகளுக்கு ஏற்கெனவே மாப்பிள்ளை முடிவாகியிருக்கிறது, கடையில் வேலை பார்க்கும் அசட்டுப் பையன். சத்திரத்துக்கு உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருக்கும் இரண்டு இளைஞர்களில் ஒருவன் சன்னல் கதவைத் திறக்கிறான், வெளியே அவள் ஊஞ்சலில் நின்று ஆடிக்கொண்டிருக்கிறாள். அப்புறம் படகு, தோப்பு, பறவைக் குரல். சேர்தல் நடந்த உடனே படம் அவர்களை விட்டுவிட்டு நாணல் காற்றில் சாய்வதைக் காட்டுகிறது, மேகம் கறுக்கிறது, மழை இறங்குகிறது, ஆற்றின் மேல் துளிகள் விழ விழ நீர்ப்பரப்பு நம்மை விட்டு விலகி ஓடுகிறது. அழுகிற முகத்தைக் காட்டியிருந்தால் இந்த வலி வந்திருக்காது. 1936 கோடையில் வெயிலை நம்பி எடுக்கப் போனார்கள், மழை விடவே இல்லை, வேலை நின்றுபோனது, ரெனுவார் வேறு படத்துக்குப் போய்விட்டார்; இருந்ததை வைத்துத் தொகுத்து 1946இல் தான் வெளியிட்டார்கள். அந்த மழை திட்டமிட்டு வந்ததில்லை. வந்த மழையை உரிப்பொருளாக்கத் தெரிந்தவர் கையில் கேமரா இருந்தது, அவ்வளவுதான்.

கபிலர் பாட்டு ஒன்று இருக்கிறது, குறுந்தொகை 25. அவன் என்னை மணந்த அன்று யாரும் இல்லை, அவன்தான் இருந்தான். அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்கிறாள். பிறகு ‘ஒழுகுநீர் ஆரல் பார்க்கும் குருகும் உண்டு’ என்கிறாள். சாட்சிக்கு ஒரு நாரை இருந்தது, அதுவும் ஓடுகிற தண்ணீரில் மீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. இந்தப் படங்களில் கேமரா காதலர்களை விட்டு மரத்துக்கோ தண்ணீருக்கோ திரும்பும் ஒவ்வொரு முறையும் எனக்கு அந்த நாரைதான் ஞாபகம் வரும். இயற்கை அவர்களுக்காக அழுவதில்லை, தன் வேலையைப் பார்க்கிறது. அப்படிப் பார்ப்பதாலேயே அவர்கள் தனிமை நமக்குத் தெரிகிறது. மழை வந்தால் சோகம், பூ பூத்தால் சந்தோஷம் என்று நேருக்கு நேர் முடிச்சுப் போடுகிற படத்தையும் இதையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

யாரோடு பார்ப்பது

தனியாகப் பார்க்கலாம். ஆனால் மௌனப் படங்களுக்கு வீட்டுப் பெரியவர்களைக் கூப்பிடுங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். தாத்தா பாட்டிக்கு ஆங்கில வசன வரி ஓடுகிற வேகத்துக்குப் படிக்க முடியாது என்பதால் எத்தனையோ நல்ல படங்கள் அவர்களுக்கு மூடியே கிடக்கின்றன. மௌனப் படத்தில் எழுத்து அட்டை அப்படியே சில நொடி நிற்கும், அதை ஒருவர் தமிழில் உரக்கச் சொல்லிவிட்டால் போதும். ஜப்பானில் மௌனப் பட காலத்தில் இதற்கென்றே பென்ஷி என்ற கலைஞர்கள் திரைக்குப் பக்கத்தில் நின்று சொன்னார்கள், நட்சத்திரங்களுக்கு இணையான பெயர் அவர்களுக்கு இருந்தது. உங்கள் வீட்டில் நல்ல குரல் உள்ள அத்தையோ மேல்நிலைப் பள்ளியில் படிக்கிற பிள்ளையோ இருந்தால் அவரிடம் கொடுங்கள். அட்டையை ஒரு முறை முன்கூட்டியே படித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், எழுத்துத் தமிழில் வேண்டாம், வீட்டில் பேசுகிற மாதிரியே சொல்லட்டும்.

பெரியவர்களிடம் கருப்பொருள் பற்றிக் கேளுங்கள். தோட்டப்புறத்திலோ கம்பம் என்கிற பழைய கிராமத்திலோ வளர்ந்தவர்கள் நம்மைவிட நிறையப் பார்ப்பார்கள். ‘சன்ரைஸ்’ஸில் கோரைக் கட்டின் முடிச்சை, படகின் துடுப்பை, மாட்டை, நாயைப் பற்றி அவர்கள் சொல்கிற ஒரு வரி எந்த விமர்சனக் கட்டுரையிலும் கிடைக்காது.

‘மிஸ்டர் தேங்க் யூ’ பேசும் படம், அதற்கு வசன வரி தேவைப்படும். இருந்தாலும் அதைச் சிங்கப்பூரில் பார்க்காமல் விடவே கூடாது. இஸு தீபகற்பத்தில் மலைப் பாதையில் போகிற ஒரு பேருந்து, பெரும்பாலும் உண்மையான சாலையிலேயே எடுத்தது. வழிவிடுகிற ஒவ்வொருவருக்கும், கோழிக்கும்கூட, ஓட்டுநர் நன்றி சொல்லிக்கொண்டே போவார், அதனால்தான் அந்தப் பெயர். பேருந்துக்குள் ஒரு தாயும் மகளும். வறுமை தாங்காமல் மகளைத் தோக்கியோவில் விற்கக் கூட்டிப் போகிறாள் தாய். வெளியே அழகான மலை, கடல், வெயில். பார்க்கப் பார்க்க இனிமையாக இருக்கிறது, உள்ளே அந்தப் பெண் தலை குனிந்து அமர்ந்திருக்கிறாள்.

நடுவில் ஒரு காட்சி வரும். சாலை போட வந்த கொரியத் தொழிலாளர்கள் இந்த வேலை முடிந்து வேறு ஊருக்கு நடந்தே போகிறார்கள். அவர்களில் ஒரு பெண் ஓட்டுநரிடம் ஓடி வந்து பேசுகிறாள். அப்பா இங்கேதான் இறந்தார், இனி நான் வர முடியாது, இந்த வழியாகப் போகும்போது அவர் கல்லறைக்குக் கொஞ்சம் தண்ணீரும் பூவும் வையுங்கள் என்று கேட்கிறாள். தாங்கள் போட்ட சாலையில் ஒரு முறை உங்கள் பேருந்தில் போக ஆசைப்பட்டேன் என்றும் சொல்கிறாள். நிலையம் வரை ஏற்றிக்கொண்டு போகிறேன் என்கிறார் ஓட்டுநர். மற்றவர்களோடு நடந்தே போகிறேன் என்று சொல்லிவிடுகிறாள். காட்சி சில நிமிடம்தான், யாரும் குரலை உயர்த்துவதில்லை. நம் ஊரின் சாலைகளையும் சுரங்கப் பாதைகளையும் யார் கைகள் போட்டன என்று தெரிந்த எவராலும் இதைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியாது. தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே கட்டுமான வேலையில் இருக்கும் நண்பர்கள் உங்களுக்கு இருந்தால், அவர்களுக்கு ஓய்வு கிடைக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டு, சாப்பாடு போட்டு, இந்தப் படத்தையும் போடுங்கள். வசனத்தை ஒருவர் தமிழில் சொல்லட்டும்.

வெளியே எங்கே பார்க்கலாம்

பெரிய திரையில் பார்க்கும் வாய்ப்பு வந்தால் மற்றதையெல்லாம் ஒத்திவைத்துவிட்டுப் போங்கள். கேனிங் ரைஸில் தேசிய ஆவணக் காப்பகக் கட்டடத்துக்குள் இருக்கும் ஓல்டம் திரையரங்கை ஆசியத் திரைப்படக் காப்பகம் நடத்துகிறது, மீட்டெடுத்த ஆசியப் படங்களுக்கு அதுதான் இடம். பிரெஞ்சுப் படங்களுக்கு சார்கீஸ் சாலையில் உள்ள அலியான்ஸ் பிரான்சேஸின் நிரலைப் பார்த்துவையுங்கள்.

இந்த வகையோடு உறவுடைய படங்கள் நம் மண்ணிலும் எடுக்கப்பட்டன. பாலஸ்டியர் பக்கம் ஜாலான் அம்பாஸில் ஷா சகோதரர்களின் படப்பிடிப்புக் கூடம் இருந்தது, மலாய்ப் படங்களை அங்கே எல். கிருஷ்ணன், எஸ். ராமநாதன் போன்ற இந்திய இயக்குநர்கள் எடுத்தார்கள். மலாய் நடிகர் பி. ரம்லி முதன்முதலாக இயக்கிய ‘பெனாரெக் பேச்சா’ 1955இல் அங்கிருந்துதான் வந்தது: ரிக்‌ஷா மிதிக்கும் ஏழை இளைஞன், பணக்கார வீட்டுப் பெண். மெலோடிராமா கொஞ்சம் அதிகம்தான், ஆனாலும் அதே மூன்று பத்தித் தாளை எடுத்துக்கொண்டு பாருங்கள், பழைய சிங்கப்பூரின் பிழைப்பு எப்படிக் காதலுக்கு நடுவே வந்து உட்காருகிறது என்று தெரியும்.

‘லத்தலாந்த்’ பார்க்கும் நாள்

இப்போது பாருங்கள். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். தண்ணீருக்குள் கண்ணைத் திறந்தால் நேசிக்கிறவர் முகம் தெரியும் என்று புதுப்பெண் ஜூலியட் சொல்வாள். கணவன் சிரித்துக்கொண்டே வாளியில் முகத்தை முக்கிப் பார்ப்பான், அப்போது அது விளையாட்டு. அவள் போன பிறகு கால்வாயில் குதிக்கிறான். போரிஸ் காஃப்மனின் கேமரா தண்ணீருக்கடியில் காத்திருக்கிறது, கல்யாண உடையில் அவள் மிதந்து வருகிறாள். ஆறு அதுவரை அவர்களுக்குத் தொழில், வீடு, சலிப்பு எல்லாமுமாக இருந்தது. முதற்பொருளும் கருவும் உரியும் அந்த இடத்தில் ஒன்றாகிவிடுகின்றன. கதைக்காகப் பார்ப்பவர் ‘கனவுக் காட்சி’ என்று கடந்துவிடுவார், படத்தின் தொடக்கத்திலிருந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வந்தவருக்கு அது அப்படிக் கடந்துபோகாது.

ஐந்தையும் முடித்த பிறகு ஒரு பயிற்சி. காலையில் வெயில் ஏறுவதற்கு முன் காலாங் ஆற்றோரமோ பொங்கோல் நீர்வழிப் பக்கமோ போய், கைப்பேசியை ஒரு கைப்பிடிச் சுவரில் சாய்த்து வைத்து, மூன்று துண்டு மட்டும் எடுங்கள், ஒவ்வொன்றும் அரை நிமிடம், கேமராவை நகர்த்தாமல். ஒன்றில் தண்ணீரும் வெளிச்சமும். ஒன்றில் வேலை: கூட்டுகிறவர், மீன் பிடிக்கிறவர், கடை திறக்கிறவர், கேட்டுவிட்டு எடுங்கள். ஒன்றில் இரண்டு பேர், உங்களுக்குத் தெரிந்தவர்களாக இருக்கட்டும், பேசாமல் நடந்து போகட்டும். மூன்றையும் வரிசை மாற்றி மாற்றி ஒட்டிப் பாருங்கள். வேலையைக் காட்டிவிட்டு அந்த இருவரைக் காட்டினால் ஒரு கதை வரும், தண்ணீரைக் காட்டிவிட்டுக் காட்டினால் வேறொன்று வரும். இதைச் செய்து பார்த்தவர்கள் அடுத்த பழைய படத்தைப் பார்க்கும் கண்ணே வேறு.

அடுத்த படமாக விக்டர் ஷோஸ்த்ரோமின் ‘தி விண்ட்’டை எடுத்துக்கொள்ளலாம், 1928, மௌனப் படம். பாலைத் திணை என்றால் என்ன என்று யாராவது கேட்டால் இதைக் காட்டலாம். மொஹாவி பாலைவனத்தில் விமானப் புரொபெல்லர்களைச் சுழலவிட்டு மணலைக் கிளப்பி எடுத்தார்கள், லிலியன் கிஷ் அந்த வெக்கையில் நடித்தார். காற்றும் மணலும் வீட்டுக்குள், ரொட்டிக்குள், அவள் புத்திக்குள் எல்லாம் புகுந்துகொண்டே இருக்கும். இந்த ஒரு படத்தை மட்டும் தனியாகப் பார்க்காதீர்கள், முடிந்ததும் பேசுவதற்கு ஆள் வேண்டும்.